பம்பாய் எவ்வளவு தூரம்?

சென்ற ஐப்பசிப் பௌர்ணமிக்கு முதல் நாள் இரவு என் மனைவிக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மும்பையில் இருக்கும் மகனுக்கு உடனே சொல்லவில்லை. விமானத்தில் இரண்டு மணி நேரம்தானே, விடிந்ததும் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். காலையில் சொன்னேன். மதியம் ஒன்றரை மணி விமானத்தில் ஏறினான். இரவு எட்டாகியும் ஆளைக் காணோம்.

"தாத்தா, ஃப்ளைட் ரெண்டு மணி நேரம்தானே? மாமா ஏன் இன்னும் வரல?" என்று மகள் வயிற்றுப் பேரன் கேட்டான். அந்த வராந்தாவில் உட்கார்ந்து பழைய கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

1932 அக்டோபர் 15. லண்டனிலிருந்து கராச்சி வரை வந்திருந்த தபாலை ஏற்றிக்கொண்டு ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் 'பஸ் மாத்' விமானத்தில் கிளம்பினார். அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தனவாம். மதியத்துக்கு மேல் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து சென்னைத் தபாலுடன் பறந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்ட்சென்ட். இருட்டில் பறக்க வசதி இல்லாததால் பெல்லாரியில் தங்கி, மறுநாள்தான் சென்னை சேர்ந்தார்.

1949 ஜனவரியில் இரவுத் தபால் விமானம் வந்தது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை விமானங்கள் நடு இரவில் நாக்பூரில் சந்தித்துத் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பும். பிறகு ஜெட் வந்தது. பம்பாய்–சென்னை நேர்கோட்டுத் தூரமான சுமார் 1,030 கி.மீ. இரண்டு மணி நேரப் பயணமாகச் சுருங்கியது.

ஆனால் அந்த ஜெட் எனக்கில்லை. 1974 சித்திரையில் நான் பம்பாயில் குமாஸ்தா. "அப்பா சீரியஸ், உடனே கிளம்பு" என்று தந்தி வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். விமானச் சீட்டு என் சம்பளத்துக்கு எட்டாது. ரயில் ஏறி, குண்டக்கல், ரேணிகுண்டா தாண்டி அரக்கோணத்தில் இறங்கி, காட்பாடிக்கு வந்தேன். அங்கிருந்து நம் ஊர் சுமார் 90 கி.மீ.தான். மீட்டர் கேஜ் வண்டிக்காக விடியும்வரை காத்துக் கிடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி கொள்ளி வைத்து, பால் தெளித்தும் முடிந்திருந்தது. "சித்திரை வெயிலுப்பா, வச்சிருக்க முடியல" என்றார் அம்மா. மூத்த பிள்ளையான நான் அப்பா முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

என் மகன் இரவு பத்து மணிக்கு வந்தான். மூன்றரைக்கே மீனம்பாக்கத்தில் இறங்கியவன். மீதி சுமார் 180 கி.மீ. தூரத்தைத் திண்டிவனம், செஞ்சி வழியாகக் கடக்க ஆறரை மணி நேரம். பௌர்ணமி நெரிசலில் பேருந்தை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட, அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறான்.

அம்மா பக்கத்தில் போய் நின்றான். அவள் கண் திறந்து, "சாப்பிட்டியாடா?" என்றாள். இப்போது நலமாக இருக்கிறாள்.

பிள்ளைகளை வெளியூரில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விமான நேரத்தை நம்பிச் செய்தியைத் தள்ளிப்போடாதீர்கள். வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். அன்று எனக்கு வந்த தந்தியாவது உடனே அடித்த தந்தி. நானோ கையில் செல்போனை வைத்துக்கொண்டு ஓர் இரவை வீணாக்கினேன்.