சாகோஸ் தீவுகள்: எலிகளும் பறவைகளும் வெளியேற்றப்பட்ட மக்களும்

2021 ஒக்டோபரில் 89 தமிழர்களோடு கனடா நோக்கிச் சென்ற படகொன்று பழுதடைந்து டியாகோ கார்சியாவை அடைந்த பிறகுதான், சாகோஸ் தீவுக்கூட்டத்தின் பெயர் நம்மிடையே பரவலாகப் பேசப்பட்டது. மூன்று வருடங்கள் வரை கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தவர்களின் முறைப்பாடுகளில் எலித்தொல்லையும் ஒன்று. அத்தீவுகளின் கடற்பறவைகளுக்கும் பெரும் எதிரி எலிதான்.

மாலைதீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீற்றர் தூரத்தில் 50க்கும் மேற்பட்ட பவளத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஆலாக்கள், சிவந்த கால்களையுடைய பூபிகள் உட்பட 18 இனக் கடற்பறவைகள் இங்கே இனப்பெருக்கம் செய்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் அடிமைகளைக் கொண்டுவந்து தென்னந்தோட்டங்கள் அமைத்தனர். பறவைகள் கூடுகட்டிய காடு அழிந்தது. கப்பல்களோடு வந்த எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. மனிதரும் உணவுக்காக முட்டை எடுத்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை.

2018இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, எலியுள்ள 6 தீவுகளையும் எலியற்ற 6 தீவுகளையும் ஒப்பிட்டது. எலியற்ற தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம். பறவைகள் ஆழ்கடலில் இரைதேடி வந்து தீவில் எச்சமிடுகின்றன. அதிலுள்ள நைதரசன் மழையோடு கரைந்து பவளப்பாறைக்குப் போகிறது. அதனால் அத்தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் மீன்களின் மொத்த நிறை 48 சதவீதம் கூடுதலாக இருந்தது. கடற்றொழில் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

எலிகளை ஒழிப்பது இலகுவல்ல. 2006இல் ஈகிள் தீவில் எடுத்த முயற்சி தோற்றது. 2014இல் வாஷ் மரீன் என்ற சிறு தீவில் வெற்றி கிடைத்தது.

இனி மக்கள். டியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை 1,500 தொடக்கம் 2,000 வரையான சாகோசியர்களை பிரித்தானியா வெளியேற்றியது. கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வீகக் குடிகள் இருக்கக்கூடாதென்று 1966இலேயே பிரித்தானிய வெளியுறவு உயரதிகாரி ஒருவர் ஏளனமாகக் குறிப்பெழுதியிருந்தார். 2010இல் சுமார் 640,000 சதுர கிலோமீற்றர் பரப்பு கடல்சார் பாதுகாப்புப் பகதியாக அறிவிக்கப்பட்டது. இது பழைய குடிகள் திரும்பி வருவதைக் கடினமாக்கும் என்று அதிகாரி ஒருவர் கூறியதாக, விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகத் தந்தி சொல்கிறது. அப்படியொரு உள்நோக்கம் இருந்ததாக பிரித்தானிய நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஆனால் பாதுகாப்புப் பகுதியை அறிவித்த விதம் கடற்சட்ட சமவாயத்தை மீறியதென 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. வடக்கில் போருக்குப் பிறகு வன எல்லைக் கற்கள் நடப்பட்ட விதத்தைப் பார்த்தவர்களுக்கு இக்கதை அந்நியமாக இராது.

ஆயிரக்கணக்கான பூபிகள் டியாகோ கார்சியாவிலேயே, ஓடுபாதையும் துறைமுகமும் உள்ள அதே தீவில், கூடுகட்டுகின்றன. இராணுவத் தளத்தோடு பறவைகள் வாழலாமென்றால், குடிமக்களோடு ஏன் வாழ முடியாது? இறைமையை மொரிசியஸிடம் கையளிக்கும் ஒப்பந்தம் 2025 மே 22 அன்று கையெழுத்தானது. டியாகோ கார்சியா தவிர்ந்த தீவுகளில் மீள்குடியேற்றத்துக்கு அது இடமளிக்கிறது. மக்கள் முன்பு வாழ்ந்த பெரும்பாலான தீவுகளில் இன்று கைவிடப்பட்ட தென்னைகளும் எலிகளுமே மிஞ்சியிருக்கின்றன.