கண்ணால் காணாத வண்டி

நம் ஊர் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வாங்க வந்தவர் மாட்டைச் சுற்றி வருவார், சுழி பார்ப்பார், வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், பத்தடி நடத்தியும் பார்ப்பார். இவையெல்லாம் பலர் அறியப் பட்டப்பகலில் நடக்கும். விலை மட்டும் தரகரின் துண்டுக்கு அடியில், விரல்களின் அழுத்தத்தில், இருவருக்கு மட்டும் தெரியும்படி முடியும். ஏலத்தில் இந்த முறை தலைகீழாகிவிடுகிறது. அங்கே விலை ஊரறியக் கூவப்படுகிறது. பொருளோ பல சமயங்களில் கண்ணுக்கு எட்டாத கொட்டகையில் கிடக்கிறது.

காலமான ஒரு பெரியவரின் ஆஸ்தி ஏலத்திற்கு வருகிறது. அதில் பல ஆண்டுகளாக ஓடாமல் நின்ற மோட்டார் வண்டி ஒன்றும் இருக்கிறது. அதை நேரில் பாராமல், பட்டியலில் அச்சிட்ட நான்கு வரிகளை நம்பி ஒருவர் வாங்குகிறார். அவர் உண்மையில் எதை வாங்குகிறார்? இக்கேள்விக்கு விடை காண, அத்தகைய வண்டிகள் நம் நாட்டிற்கு வந்த வரலாற்றையும், கைமாறிய வரலாற்றையும் சிறிது நோக்குவோம்.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். ஏலம் என்பதை நாம் பழந்தமிழ்ச் சொல் போலவே வழங்கி வருகிறோம். ஆயினும் அது போர்ச்சுகீசியரின் ‘லெய்லாவ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று தமிழ் அகராதி கூறுகிறது. தில்லிக் கடைவீதியில் காதில் விழும் ‘நீலாம்’ என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். போர்ச்சுகீசியச் சொல்லோ, அறிவிப்பு என்னும் பொருளுடைய அரபுச் சொல் ஒன்றின் வழிவந்தது என்பர். ஆக, ஏலத்தின் ஆதிப் பொருளே அறிவிப்புதான். பொருளைக் காணாமல் கேட்பவருக்கு அந்த அறிவிப்பு ஒன்றே ஆதாரம்.

இந்தியாவுக்கு மோட்டார் வண்டிகள் வந்ததும் ஏறக்குறைய இந்த வகையில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் முதல் வண்டிகள் வந்திறங்கின. பின்னர் சமஸ்தானாதிபதிகள் அவற்றை விரும்பி வரவழைக்கத் தொடங்கினர். அக்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் போன்ற நிறுவனங்கள் எஞ்சினையும், சக்கரங்களைத் தாங்கும் சாசி என்னும் இரும்புச் சட்டத்தையும் மட்டுமே செய்து தந்தன. மேற்கூட்டை வேறு பட்டறைகள் கட்டின. லண்டனிலிருந்து வரும் வரைபடங்களை அரண்மனையில் விரித்துப் பார்ப்பார்கள். நிறம், இருக்கை, விளக்கு ஆகியவற்றைக் கடிதத்தில் குறித்து அனுப்புவார்கள். பிறகு கப்பலுக்காகக் காத்திருப்பார்கள். காணாமல் வாங்குவது அன்று அரசர்களின் வழக்கமாகவே இருந்தது.

இதற்கு உருக்கமான ஓர் உதாரணம் உண்டு. ஐதராபாத்தின் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான், உள்ளே சிம்மாசனம் போல உயர்ந்த ஆசனம் கொண்ட ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வண்டிக்கு ஆணை கொடுத்திருந்தார். 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார். வண்டி அதன் பின்னரே வந்து சேர்ந்தது. அவருக்குப் பின் பட்டமேற்ற ஏழாம் நிஜாமின் காலத்தில் சில விசேஷங்களுக்கே அது வெளியே வந்தது. பல பத்தாண்டுகளில் அது ஓடிய தூரம் சில நூறு மைல்களே. ஐதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனையில் இன்றும் அந்த மஞ்சள் வண்டியைக் காணலாம். அதை விரும்பிக் கேட்டவர் அதைக் கண்ணால் காணவேயில்லை.

அதே 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். 1903-ஆம் ஆண்டு தர்பார் யானை ஊர்வலத்திற்குப் பேர்போனது. 1911-ல் மோட்டார் வண்டிகளும் அந்த வைபவத்தில் இடம்பெற்றன. புதிய தலைநகரம் எழுந்தபோது, சுதேச மன்னர்கள் பலர் இங்கே மாளிகைகள் கட்டிக்கொண்டனர். மாளிகைகளோடு வண்டிக் கொட்டகைகளும் எழுந்தன.

பிறகு காலம் மாறிற்று. 1947-க்குப் பின் சமஸ்தானங்கள் இந்திய யூனியனில் இணைந்தன. 1953-ஆம் ஆண்டில் ஆஸ்தி வரிச் சட்டம் வந்தது. ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்தின்மீது விதிக்கப்பட்ட அந்த வரி, பின்னர் அதன் உச்சப் படியில் 85 விழுக்காட்டை எட்டியது. 1985-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. வருவாய் சுருங்கிய வீடுகளில் முதலில் விலைக்குப் போனவை, தீனி தின்றும் வேலை செய்யாத பொருள்களே. பெட்ரோல் நிறையக் குடிக்கும், உதிரி உறுப்புக் கிடைக்காத பழைய வண்டி அவற்றுள் ஒன்று.

அக்காலத்தில் பல வண்டிகள் கடல் கடந்தன. ராஜ்கோட் அரசருக்காக 1934-ல் உருவான, ‘இந்தியாவின் நட்சத்திரம்’ என்று பெயர்பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் 1960-களில் இங்கிலாந்து சென்றது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த அரச குடும்பத்தின் வழித்தோன்றல் அதை மீட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். எல்லா வண்டிகளுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பல, பழைய இரும்பாக நிறுத்து விற்கப்பட்டன.

1964-ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இரும்புக் கழிவின் ஏற்றுமதியை ஒழுங்குபடுத்த ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது, எம்.எஸ்.டி.சி. என்ற பெயரில் அதுவே இன்று கணினி வழியாகப் பொது ஏலங்களை நடத்தி வருகிறது. அதே ஆண்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை தில்லியில் பழைய மோட்டார் வண்டிகளின் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தது. ஒரு புறம் கழிவு இரும்பிற்குக் கணக்கு. மறு புறம் பழைய வண்டிக்கு மாலை மரியாதை. தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் உள்ள 1914-ஆம் ஆண்டு ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டி, கெட்டி ரப்பர்ச் சக்கரங்களோடு அவ்வோட்டத்தில் பன்முறை கலந்துகொண்டுள்ளது. 1972-ல் பழம்பெரும் வண்டிகளை வெளிநாட்டிற்கு அனுப்புவதற்குத் தடை வந்தது. நேற்றுவரை சுமையாக நின்ற வண்டி அன்றுமுதல் சொத்தாயிற்று.

மதிப்பு ஏறியதும் கதைகளும் ஏறின. மகாராஜா ஒருவர் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளைக் குப்பை அள்ளப் பணித்தார் என்ற கதையை நேயர்கள் கேட்டிருக்கலாம். அல்வார் மன்னரைப் பற்றி அது சொல்லப்படுகிறது. அதே கதை வேறு சமஸ்தானங்களின் பேரிலும் சொல்லப்படுகிறது. ஏலப் பட்டியலில் இத்தகைய கதை ஒன்று ஒட்டிக்கொண்டால் விலை உயரும். எஞ்சினோ கதையைக் கேட்டு ஓடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, ஏலக்காரரின் சுத்தியல் விழும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விழுந்துவிட்டால் விற்பனை முடிந்தது. விவரத்தைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்திற்கு ஒத்திருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஆனால் பொருளின் தரத்திற்கு, சில விலக்குகள் நீங்கலாக, விற்பவர் பொறுப்பல்லர். வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும். 1934-ஆம் ஆண்டு வண்டி என்று விற்றது வேறு ஆண்டினதாயின் வழக்குண்டு. எஞ்சின் இறுகிக் கிடந்தால் வழக்கில்லை. ஏல நிபந்தனைகள் இந்த உரிமையை மேலும் குறுக்கவும் கூடும்.

அரசு அலுவலகங்கள் கழித்துவிடும் ஜீப்புகளுக்கும் அம்பாசிடர் வண்டிகளுக்கும் உரிய ஏல அறிவிப்புகளை மொழிபெயர்ப்பது என் உத்தியோகத்தின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது. ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்ற தொடரை எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கில்லை. அதன் முழுப் பாரத்தையும் நான் உணர்ந்தது அலுவலகத்திற்கு வெளியேதான்.

என் நண்பர் ஒருவரின் தமையனார் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் தந்தையாருடன் ஏறிய ஆஸ்டின் செவன் வண்டியின் நினைவு அவரை விட்டு அகலவில்லை. தில்லியில் ஒரு மாளிகையின் ஆஸ்தி ஏலத்தில் அத்தகைய வண்டி ஒன்று வந்தது. நண்பர் பட்டியலைக் கொண்டுவந்து, ‘அண்ணாவுக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள்’ என்றார். நானும் எழுதிக் கொடுத்தேன். வண்டி ‘முழுமையாக இருப்பதாக நம்பப்படுகிறது’ என்பது மூலம். தமிழ் நடை ஓட்டமாக இருக்கட்டும் என்று ‘முழுமையாக உள்ளது’ என்று முடித்துவிட்டேன்.

அவர் தொலைபேசி வழியே ஏலம் கேட்டார். ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதியைச் செலுத்தினார். லாரியில் வண்டி வந்திறங்கியபோது கார்புரேட்டர் இல்லை, டைனமோ இல்லை, முன்பலகையில் மீட்டர்கள் இருந்த இடத்தில் ஓட்டைகளே இருந்தன. எஞ்சினில் பொறித்த எண்ணும் பதிவுப் புத்தகத்தில் கண்ட எண்ணும் ஒத்துவரவில்லை. கதவின் உள்மரத்தைக் கரையான் அரித்திருந்தது. புகார் எழுத முனைந்தவர் மூலப் பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ‘நம்பப்படுகிறது’ என்ற ஒரு சொல் விற்றவரைக் காத்தது. அந்தச் சொல்லை உதிர்த்தவன் நான். நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோது அவர், ‘பரவாயில்லை தம்பி, நானும் ஒருவரை அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும்’ என்று மட்டும் சொன்னார். அந்தப் பெருந்தன்மை எனக்கு அதிகம் வலித்தது.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கிய அவர், உணவு விடுதியில் பணியாற்றிப் பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, மறுபடி பூட்டி, அதன் இயல்பை அறிந்துகொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய ஒற்றைப் பஸ் பின்னர் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. அவருடைய அறிவு விரல் நுனியில் இருந்தது. பிறர் எழுதிய விவரத்தை அவர் நம்பி நிற்க வேண்டியிருக்கவில்லை.

எல்லாருக்கும் அது வாய்க்காது. இன்று ஏலங்கள் கணினித் திரையில் நடைபெறுகின்றன. தில்லிப் பொருளைக் கும்பகோணத்திலிருந்து கேட்கலாம். 2021-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு வகை வகுத்தன. கண்காட்சி, ஓட்டம், பழுதுபார்த்தல் போன்றவற்றிற்கே அவை சாலையில் செல்லலாம். ஆதலால் மூல வடிவமும், எண்களும், ஆவணங்களும் முன்னைவிட முக்கியமாகிவிட்டன. வாங்க எண்ணுபவர் அறிந்த மெக்கானிக் ஒருவரை அனுப்பி, சாசி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் படியெடுத்து வரச் செய்வது நலம். கதவு மரத்தை ஓர் ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வதும் நலம். அதற்காகும் ரயில் கட்டணம், பின்னால் வரும் செலவில் மிகச் சிறு பங்கே.

அந்த ஆஸ்டின் இன்னும் கும்பகோணத்தில்தான் இருக்கிறது. ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் ஓய்வு நேரங்களில் அதைச் சீர்செய்து வருகிறார். கார்புரேட்டர் கிடைத்துவிட்டது என்று சென்ற பொங்கலுக்குக் கடிதம் வந்தது. கதவுக்குப் புதிய மரமும் பொருத்தியாயிற்றாம். ‘முழுமையாகிவிடும் என்று நம்பப்படுகிறது’ என்று அந்த ஆசிரியர் எழுதியிருந்தார்.

அன்றுமுதல் எந்த அறிவிப்பை மொழிபெயர்த்தாலும், முடித்த பின் மூலத்தை எடுத்து வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பொருளைக் காணாமல் வாங்குபவருக்குக் கண்ணாக இருப்பவை அச்சொற்களே.