வளர்ப்பு இறாலின் நிறமும் தொட்டியின் அடித்தளமும்: ஆய்வு வரலாறு

மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் சிறு இறால்களின் நிறம், தொட்டியின் அடியில் பரப்பப்படும் மணலின் நிறத்தைப் பொறுத்து மாறக்கூடியது. 'செர்ரி இறால்' எனப்படும் நியோகாரிடினா டாவிடி கருமணல் மீது அடர்சிவப்பாகவும், வெண்மணல் மீது வெளிறியும் காணப்படும். இது பார்ப்பவரின் கண்மயக்கம் மட்டும் அன்று. இறாலின் உடலிலேயே மாற்றம் நிகழ்கிறது. இத்தகைய மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிவியலாளர்கள் கடல் இறால்களை ஆராய்ந்து கண்டறிந்தனர். அதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாயிற்று.

தொடக்ககால ஆய்வுகள்

டென்மார்க் விலங்கியலாளர் ஹென்ரிக் க்ரோயர், ஹிப்போலைட் என்னும் கடல் இறால் நிறம் மாறுவதை 1842இல் பதிவு செய்தார். பிரான்சு நாட்டின் ஜார்ஜ் பூஷே 1870களில் இதனைச் சோதனைக்கு உட்படுத்தினார். கறுப்பு அடித்தளம் கொண்ட கலத்தில் இட்ட இறால்கள் கருத்தன. வெள்ளை அடித்தளத்தில் இட்டவை வெளிறின. கண்களை அகற்றியபின் பின்னணிக்கு ஏற்ப மாறும் திறன் மறைந்தது. அடித்தளத்தின் நிறத்தை இறால் கண்ணால் அறிகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

இங்கிலாந்தின் பிரெடரிக் கீபிள், கேம்பிள் ஆகிய இருவரும் 1900இல் ஹிப்போலைட் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டனர். பகலில் பச்சை, பழுப்பு எனப் பல நிறங்களில் இருக்கும் இந்த இறால்கள், இரவில் ஒளி ஊடுருவும் நீல நிறத்தை அடைகின்றன என்றும், விடிந்ததும் பகல் நிறத்துக்குத் திரும்புகின்றன என்றும் அவர்கள் காட்டினர்.

நிறம் மாறும் முறை

இறாலின் மெல்லிய ஓட்டுக்கு அடியில் கிளைகள் கொண்ட நிறமிச் செல்கள் உள்ளன. அவற்றிலுள்ள நிறமித் துகள்கள் கிளைகளெங்கும் பரவினால் உடல் அடர்நிறமாகத் தோன்றும். செல்லின் நடுவில் ஒடுங்கினால் வெளிறித் தோன்றும். மேலிருந்து விழும் ஒளியையும் தரையிலிருந்து எதிரொளிக்கும் ஒளியையும் கண் ஒப்பிடுகிறது. கருமணல் ஒளியைக் குறைவாகவே எதிரொளிப்பதால் துகள்கள் பரவுகின்றன.

நரம்பா, குருதியா?

கண் அறிந்த செய்தி தோலை எவ்வாறு அடைகிறது என்பதே அடுத்த கேள்வி. மீன்களில் இப்பணியை நரம்புகள் செய்வதைப் பூஷே காட்டியிருந்தார். ஆகவே இறாலிலும் அவ்வாறே இருக்கும் என எண்ணுவது இயல்பே. ஆனால் 1920களில் ஜெர்மானியரான கோலர், கருத்த இறாலின் குருதியை வெளிறிய இறாலுக்குச் செலுத்தியபோது, அது வெண்தரையில் இருந்தும் கருத்தது. 1928இல் அமெரிக்கரான பெர்கின்ஸ், நரம்பு வடத்தை வெட்டியும் நிறமாற்றம் தடைப்படவில்லை என்றும், குருதியோட்டத்தைத் தடுத்தால் தடைப்படுகிறது என்றும் கண்டார். வெளிறிய இறால்களின் கண்காம்பிலிருந்து எடுத்த சாறு, கருத்த இறால்களை வெளிறச் செய்தது. செய்தியைக் குருதி வழியே கொண்டுசெல்வது ஒரு ஹார்மோன் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

சிவப்பு நிறமியை ஒடுக்கும் அந்த ஹார்மோன், எட்டு அமினோ அமிலங்களால் ஆனது. சுவீடன் ஆய்வாளர்கள் பெர்ன்லுண்ட், யோசெப்சன் ஆகியோர் பண்டாலஸ் பொரியாலிஸ் என்னும் வடகடல் இறாலிலிருந்து அதனைப் பிரித்து, அதன் அமைப்பை 1972இல் வெளியிட்டனர்.

அடித்தளத்தின் எல்லை

துகள்கள் நகர்வதால் ஏற்படும் மாற்றம் சில மணி நேரத்திற்குள் தெரியும். ஒரே பின்னணியில் பல வாரங்கள் இருந்தால் நிறமியின் அளவும் நிறமிச் செல்களின் எண்ணிக்கையும்கூட மாறலாம். ஆயினும் இல்லாத நிறத்தை மணலால் உண்டாக்க இயலாது. சிவப்புக்குக் காரணமான அஸ்டாக்சாந்தின் போன்ற கரோட்டினாய்டுகளுக்கு இறால் உணவையே சார்ந்துள்ளது. பாசிகள் இவற்றின் முதன்மை மூலம். காட்டில் மங்கிய நிறத்தில் வாழும் நியோகாரிடினாவிலிருந்து சிவப்பு வகை உருவானது, பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவாகும். கடையிலிருந்து கொண்டுவந்த இறால் வெண்மணலில் வெளிறுவது நோயின் அறிகுறியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இவ்வறிவு இறால் பண்ணைகளுக்கும் பயன்படுகிறது. கரும்புலி இறால்களைக் கறுப்புப் பின்னணியில் வைத்திருந்தால் சமைத்தபின் சிவப்பு நிறம் மிகுகிறது என ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009இல் தெரிவித்தனர். விற்பனையில் நிறம் விலையை நிர்ணயிப்பதால், தீவனச் செலவைக் கூட்டாமல் நிறத்தை மேம்படுத்தும் வழியாக இது அமைந்தது.