2018-ஆம் ஆண்டின் சர்வதேச டேபிள் டென்னிஸ் போட்டிகள்

2018-ஆம் ஆண்டில் உலக அணிகள் சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு, இளையோர் ஒலிம்பிக் ஆகிய டேபிள் டென்னிஸ் போட்டிகள் நடைபெற்றன. பெரும்பாலான பட்டங்களைச் சீனா வென்றது. எனினும் ஜப்பான், ஜெர்மனி, கொரியா, இந்தியா ஆகியவற்றின் எழுச்சியும் இவ்வாண்டில் புலப்பட்டது.

தரவரிசை மாற்றம்

ஜனவரியில் சர்வதேசக் கூட்டமைப்பு புதிய தரவரிசை முறையைக் கொண்டுவந்தது. கடந்த 12 மாதங்களில் ஒருவர் பெற்ற சிறந்த 8 முடிவுகளே கணக்கில் சேரும் என்பதால், அதிகப் போட்டிகளில் ஆடாதவர்கள் பின்தங்கினர். ஆடவர் பிரிவில் முதலிடம் ஜெர்மனியின் டிமிட்ரி ஓவ்சரோவுக்கும், மார்ச்சில் அவருடைய நாட்டவரான டிமோ போலுக்கும் கிடைத்தது. அந்த இடத்தை எட்டிய மிக மூத்த வீரர் போல். ஏப்ரலில் சீனாவின் ஃபான் செந்தோங் அதைக் கைப்பற்றினார்.

ஹால்ம்ஸ்டாட், 2018

ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட் நகரில் உலக அணிகள் சாம்பியன்ஷிப் நடந்தது. மகளிர் காலிறுதியில் மோத இருந்த வடகொரியாவும் தென்கொரியாவும் ஆடாமலே ஒரே அணியாக இணைந்தன. அந்தக் கூட்டணி அரையிறுதியில் ஜப்பானிடம் தோற்று வெண்கலம் பெற்றது. இறுதிப் போட்டியில் சீன மகளிர் 3-1 என ஜப்பானையும், ஆடவர் 3-0 என ஜெர்மனியையும் வென்றனர். ஜூலையில் தேஜோனில் நடந்த கொரிய ஓப்பனில் தென்கொரியாவின் ஜாங் வூஜின், வடகொரியாவின் சா ஹ்யோ சிம் இணை கலப்பு இரட்டையர் பட்டம் வென்றது.

இந்தியா

ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் இந்தியா 3 தங்கம் உட்பட 8 பதக்கங்களைப் பெற்றது. 2002 முதல் மகளிர் அணிப் பட்டத்தைத் தொடர்ந்து தன்வசம் வைத்திருந்த சிங்கப்பூரை இறுதியில் இந்தியா 3-1 என வீழ்த்தியது. ஆடவர் அணி நைஜீரியாவை வென்றது. மனிகா பத்ரா ஒற்றையர் தங்கத்தை வென்றார். இந்தப் போட்டிகளின் ஒற்றையரில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. சென்னையைச் சேர்ந்த சரத் கமல், ஜி. சத்தியன் இணை இரட்டையரில் வெள்ளி பெற்றது.

ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் 5 தங்கங்களும் சீனாவுக்கே சென்றன. காலிறுதியில் ஜப்பானை வென்ற இந்திய ஆடவர் அணி வெண்கலம் பெற்றது. கலப்பு இரட்டையரில் சரத் கமலும் மனிகா பத்ராவும் வெண்கலம் வென்றனர். ஆசிய விளையாட்டு டேபிள் டென்னிஸில் இந்தியா அதற்குமுன் பதக்கமே பெற்றதில்லை.

ஹரிமோட்டோ

ஜூனில் ஜப்பான் ஓப்பனில், 15 வயது நிறையாத டோமோகாசு ஹரிமோட்டோ, ஒலிம்பிக் சாம்பியன்களான மா லோங்கைக் காலிறுதியிலும் ஜாங் ஜிகேயை இறுதியிலும் வென்று பட்டம் பெற்றார். அக்டோபரில் புவனோஸ் ஐரிஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக் இறுதியில் சீனாவின் வாங் சூச்சின் அவரைத் தோற்கடித்தார். அதே மாதம் பாரிஸில் நடந்த உலகக் கோப்பையை ஃபான் செந்தோங் டிமோ போலை வென்று பெற்றார்.

டிசம்பரில் இஞ்சோனில் ஆண்டு இறுதிச் சுற்றுப்போட்டி நடந்தது. அதில் லின் காவ்யுவானைத் தோற்கடித்த ஹரிமோட்டோ, அப்பட்டத்தை வென்றவர்களில் மிக இளையவரானார். மகளிர் ஒற்றையரைச் சீனாவின் சென் மெங் வென்றார். கலப்பு இரட்டையரில் ஜாங் வூஜின், சா ஹ்யோ சிம் இணை ஹாங்காங் இணையிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது.