பயணத்தில் படம் திருத்துதல்: திருச்சிராப்பள்ளியில் மாட்டு வண்டி இருட்டறை முதல் சிறு மடிக்கணினி வரை

புகைப்படம் எடுப்பது ஒரு வேலை. எடுத்ததைப் பிறர் பார்க்கத்தக்க படமாக ஆக்குவது வேறொரு வேலை. ஸ்டூடியோவில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது வேலை பெரிய சிக்கல் அன்று. ஊர் ஊராகச் செல்பவருக்கு அதுவே முதற் சிக்கல். இன்று திருவரங்கத்து உத்தர வீதிகளிலும் மலைக்கோட்டைப் படிகளிலும் கேமராவுடன் நடப்பவர், மாலையில் விடுதி அறைக்குத் திரும்பி ஒரு சிறு மடிக்கணினியைத் திறக்கிறார். எந்தக் கணினியைச் சுமந்து வருவது என்பது இக்காலத்துக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் 1858ஆம் ஆண்டிலேயே இதே ஊரில் ஒருவர் ஏறத்தாழ இதே கேள்விக்கு விடை கண்டாக வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளியின் மிகப் பழைய புகைப்படங்கள் சில இன்று கிடைப்பதற்கு அவர் கண்ட விடையும் ஒரு காரணம்.

லின்னியஸ் டிரைப்

லின்னியஸ் டிரைப் (1822–1902) இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். 1854இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் பர்மா அரசவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவில் புகைப்படக்காரராக இருந்தார். 1856இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மாகாணத்தின் பழைய கட்டடங்களைப் பதிவு செய்வது அவருக்கு இடப்பட்ட பணிகளுள் ஒன்று.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து அவர் புறப்பட்டார். வடக்கே பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என நான்கு மாதங்களுக்கு மேல் நீண்ட பயணம். திருச்சிப் பகுதியை அவர் படமெடுத்தது 1858இன் தொடக்கத்தில். தை, மாசி மாதங்கள் இந்த வேலைக்கு உகந்தவை. ஏன் என்பது கீழே விளங்கும்.

திருச்சிக்கும் அப்போது இரயில் வரவில்லை. கருவிகளும் மருந்துகளும் மாட்டு வண்டிகளில் ஏறின. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் முறை அன்று நடைமுறைக்கு வரவில்லை. நெகட்டிவின் மேல் தாளை வைத்து வெயிலில் காட்டினால் அதே அளவில்தான் படம் கிடைக்கும். எனவே ஓரடி உயரப் படம் வேண்டுமென்றால் ஓரடி உயர நெகட்டிவும், அதற்கேற்ற பெட்டி கேமராவும் வேண்டும். டிரைப்பின் படங்கள் ஏறத்தாழ 12க்கு 15 அங்குல அளவுடையவை. கேமரா எப்படியும் கனமாகத்தான் இருக்கும் என்று முடிவான பிறகு, சுமையைக் குறைக்க ஒரே வழி, படத்தை உருவாக்கும் முறையில் கைவைப்பதுதான்.

தாளா, கண்ணாடியா?

அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அப்போதே உருத்துலக்கியும் விட வேண்டும். படம் மிகத் துல்லியமாக வரும். எடுக்கும் நேரமும் குறைவு. ஆனால் படமெடுக்கும் ஒவ்வோரிடத்திலும் இருட்டுக் கூடாரம் அடித்தாக வேண்டும். கண்ணாடியின் கனமும் உடையும் அச்சமும் வேறு.

இன்னொரு குறை தமிழ்நாட்டுக்கே உரியது. கொலோடியன் என்பது ஈதரும் ஆல்கஹாலும் கலந்த நீர்மம். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி செல்சியஸ். திருச்சியின் சித்திரை, வைகாசிப் பகல்கள் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். புட்டியைத் திறந்தால் ஈதர் பறந்துவிடும் வெப்பத்தில் தகட்டை ஈரமாக வைத்திருப்பது எளிதன்று.

மற்றது தாள் முறை. ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டின் கேலோடைப்பும், அதைத் திருத்திப் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851இல் அறிவித்த மெழுகுத்தாள் முறையும் இவ்வகை. மெழுகு ஊட்டிய தாளைப் பல நாட்களுக்கு முன்பே தயார் செய்து எடுத்துச் செல்லலாம். படமெடுத்ததும் உடனே துலக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முகாமுக்குத் திரும்பி இரவில் நிதானமாகச் செய்யலாம். தாள் உடையாது, ஒரு கோப்பில் நூறு தாள்கள் அடங்கும். குறை என்னவென்றால் தாளின் நார் படத்திலும் சிறிது தெரியும். ஒரு படத்துக்குப் பல நிமிடங்களும் ஆகலாம். அவ்வளவு நேரத்தில் நடந்து போகிறவர் படத்தில் பதிய மாட்டார். அக்காலப் படங்களில் கோயில் வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பதற்கு இதுவே காரணம். அன்று ஊரில் ஆளே இல்லை போலும் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.

டிரைப் தாளையே மிகுதியும் நம்பினார். முன்கூட்டியே தயாரித்து உலர்த்திய கொலோடியன் தகடுகளையும் இந்தப் பயணத்தில் பயன்படுத்தினார். இரண்டிலும் பொதுவான தன்மை ஒன்றே: எடுக்கும் இடத்தில் துலக்க வேண்டியதில்லை. துல்லியத்திலும் விரைவிலும் சிறிது விட்டுக்கொடுத்து, வழியில் கெடாத, சுமக்கத்தக்க முறையை அவர் வாங்கிக்கொண்டார். நல்ல பேரம் என்றே சொல்ல வேண்டும். 1858இல் திருவரங்கத்துக்கு ஒன்று, திருச்சிராப்பள்ளிக்கு ஒன்று எனத் தனித் தொகுப்புகள் அவர் பெயரில் வெளிவந்தன. அதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கும் குறையாத ஒரே படமாக்கினார். இன்றைய கணினி சில நொடிகளில் செய்யும் பனோரமா இணைப்பின் முன்னோடி அது.

வானத்தைத் தீட்டிய தூரிகை

அக்கால வேதிப்பொருள்கள் நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையை மிகக் குறைவாகவும் உணர்ந்தன. ஆகவே நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். மரங்களின் இலைகள் கரிய திட்டுகளாகும். டிரைப் இதற்குச் செய்த மருந்து, நெகட்டிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் தீட்டுவது. வண்ணம் படிந்த இடத்தில் ஒளி குறைவாகப் புகும்; அச்சில் அந்த இடம் வெளுக்கும். இவ்வாறு மரங்களின் இலைகளுக்கு ஒளியூட்டினார். வெறும் வானத்தில் மேகங்களை வரவழைத்தார். இன்று போட்டோஷாப்பில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து ஒளி கூட்டுவதும் குறைப்பதும் இதே வேலைதான்.

எனவே டிரைப்பின் மேகங்களைக் கொண்டு 1858இன் தட்பவெப்பத்தை யாரும் ஆராய முடியாது. ஆனால் அவர் படத்திலுள்ள கல் சாட்சி சொல்லும். திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் இன்று 236 அடி உயரத்தில் நிற்கும் இராஜகோபுரம் 1987இல்தான் நிறைவடைந்தது. டிரைப் வந்தபோது அது அடிப்பகுதியோடு நின்றுபோன மொட்டைக் கோபுரம். மேகம் சேர்த்த கை கோபுரத்தைச் சேர்க்கவில்லை. எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்ற எல்லை அன்றே ஏதோ ஒரு வகையில் இருந்திருக்கிறது.

இந்த வேலை நீடிக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசாங்கம் புகைப்படக்காரர் ஒருவரை வைத்திருப்பதை ஆடம்பரச் செலவாகக் கருதி அந்த ஏற்பாட்டை நிறுத்தினார். டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். பிறகு அவர் எடுத்த படங்கள் மிகச் சில. சிக்கனம் வேண்டியதுதான், ஆனால் ஒரு மாகாணத்தின் கோயில்களைப் பதிவு செய்யும் முயற்சி பாதியில் நின்றதை நல்ல சிக்கனம் என்று சொல்வதற்கில்லை. பத்தாண்டு கழித்து, 1867–68இல், அதே சென்னை அரசுக்காக எட்மண்ட் டேவிட் லயன் மீண்டும் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுக்க வேண்டி வந்தது.

கண்ணாடி, ஃபிலிம், கலர் லேப்

1860களில் ஈரக் கொலோடியன் வென்றது. சாமுவேல் போர்ன் போன்றோர் இமயமலைப் பயணங்களுக்குப் பல பத்துச் சுமையாட்களை அமர்த்திக் கண்ணாடியையும் கூடாரத்தையும் தூக்கச் செய்தனர். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் அறிவித்த ஜெலட்டின் உலர் தகடு இருட்டுக் கூடாரத்துக்கு விடை கொடுத்தது. அதன்பின் சுருள் ஃபிலிம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பயணி படத்தைத் திருத்தவே இல்லை. சுருளை ஊருக்குக் கொண்டுவந்து ஸ்டூடியோவிலோ கலர் லேபிலோ கொடுத்தார். சுமை குறைந்தது உண்மை. ஆனால் படம் தேறியதா இல்லையா என்பது வீடு திரும்பிய பிறகே தெரியும். டிரைப் அன்றிரவே கண்ட தவற்றை, 1987இல் இராஜகோபுரக் குடமுழுக்கை எடுத்தவர் ஃபிலிமைக் கழுவும் வரை காண முடியாது.

சிறு கணினிகளின் வருகை

டிஜிட்டல் கேமரா வந்தபின் இருட்டறை மீண்டும் பயணியின் பைக்குள் வந்தது. 2007இல் அசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701 வெளிவந்தது. 7 அங்குலத் திரை, 800க்கு 480 புள்ளிகள், 4 ஜிபி சேமிப்பிடம், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. இத்தகைய நெட்புக்குகள் பயணிகளைக் கவர்ந்தன. ஆனால் படம் திருத்துவோருக்கு ஏமாற்றமே. அதே ஆண்டில் வந்த போட்டோஷாப் சிஎஸ்3 குறைந்தது 1024க்கு 768 புள்ளித் திரையைக் கேட்டது. பின்னர் வந்த நெட்புக்குகளும் 1024க்கு 600 புள்ளிகளில் நின்றன. அவற்றின் ஆட்டம் செயலி ரா கோப்புகளைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். 2010இல் வந்த 11 அங்குல மேக்புக் ஏர், ஒரு கிலோ எடையில் 1366க்கு 768 புள்ளிகளைத் தந்தது. சிறு கணினியில் படம் திருத்துவது அதன்பின்தான் நடைமுறைக்கு ஒத்ததாயிற்று.

2013இல் லைட்ரூம் 5 மென்பொருள் ஒரு நல்ல உத்தியைக் கொண்டுவந்தது. பெரிய ரா கோப்புகள் வெளி வட்டில் இருக்க, அவற்றின் சிறு பிரதிகளை மட்டும் மடிக்கணினியில் வைத்துத் திருத்தலாம். வீடு திரும்பி இரண்டையும் சேர்த்தால் திருத்தங்கள் மூலக் கோப்பில் ஏறிவிடும். கனமான வேலையைத் தள்ளிப்போட இடம் கொடுக்கும் முறையே பயணத்துக்கு ஏற்றது என்பதில் மெழுகுத்தாளுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் போன்ற, விசிறியே இல்லாத கணினிகள் ரா கோப்புகளையும் தயங்காமல் கையாளுகின்றன.

திருச்சி வெயிலில் தேர்வு

இன்று கடையில் காட்டப்படும் கணினிகளுள் வேகமில்லாதவை குறைவு. தவறு நேர்வது திரையில்தான். விலை மலிந்த பல மடிக்கணினிகளின் விவரப்பட்டியலில் 45 விழுக்காடு என்டிஎஸ்சி என்றிருக்கும். இணையத்தின் பொது வண்ண அளவான எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அத்திரை காட்டும். சிவப்பு அதிகம் குன்றும். திருவரங்கத்து மதில்களின் காவிப்பட்டையும் கோபுரச் சுதைகளின் செந்நிறமும் அதில் வெளிறித் தெரியும். திருத்துபவர் நிறத்தைக் கூட்டுவார். அதே படம் நல்ல திரையிலோ அச்சிலோ கண்ணைக் குத்தும். எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் திரைக்காக வேறெதையும் விட்டுக்கொடுக்கலாம்.

அளவில் 13 அல்லது 14 அங்குலம், எடையில் 1.2 முதல் 1.4 கிலோ என்பது நடுவழி. நினைவகம் 16 ஜிபி இருந்தால் நல்லது. பிறகு கூட்ட முடியாதபடி பலகையோடு பற்றவைத்த கணினிகள் பெருகிவிட்டன. 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி வரை இருக்கும். ஒரு நாளில் 500 படம் எடுத்தால் 12 ஜிபிக்கு மேல். பத்து நாள் கோயில் பயணத்துக்கு 512 ஜிபி சேமிப்பிடம் போதும். மெலிந்த கணினிகள் பலவற்றில் எஸ்டி அட்டைத் துளையை எடுத்துவிட்டார்கள். தனி அட்டைப் படிப்பான் ஒன்றைப் பையில் போட மறந்தால் அன்றைய வேலை நின்றது.

வெப்பமும் பழைய கதையைத் தொடர்கிறது. மடிக்கணினிகள் இயங்குவதற்கு ஆப்பிள் உள்ளிட்ட நிறுவனங்கள் குறிக்கும் மேல் எல்லை 35 டிகிரி. ஈதரின் கொதிநிலைக்கு அரை டிகிரி கூட மேலில்லை. கோடைப் பகலில் காரின் இருக்கையிலோ மொட்டை மாடியிலோ நூறு படங்களை ஏற்றுமதி செய்தால், சூட்டைத் தணிக்கக் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியில்லாதவற்றில் இது விரைவில் நேரும். கோடையில் வருபவர் விடுதி அறையின் இரவு நேரத்தை நம்புவதே தகும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட வேண்டும். டிரைப் தீட்டிய வண்ணம் நெகட்டிவில் நிலையாகத் தங்கியது. உற்றுப் பார்ப்பவருக்குத் தூரிகைத் தடம் தெரிகிறது. போட்டோஷாப்பில் 2020இல் வானத்தை மாற்றும் வசதியும், 2023இல் இல்லாததை வரைந்து நிரப்பும் வசதியும் வந்தன. சித்திர வீதியின் மின்கம்பிகளை அவை தடமின்றி அகற்றும். வாழ்த்து அட்டைக்கு அது குற்றமில்லை. கலைக்களஞ்சியத்துக்கோ கல்வெட்டு ஆய்வுக்கோ அனுப்பும் படத்துக்கு ஆகாது. ரா கோப்பு திருத்தத்தால் மாறுவதில்லை என்பதால், அதை அழிக்காமல் வைத்திருந்தால் பின்னால் ஐயம் எழும்போது எடுத்துக் காட்டலாம். கேமரா அட்டை, கணினி, கையடக்க எஸ்எஸ்டி ஆகிய மூன்றிலும் பிரதி இருக்கும்படி இடம் பார்த்துக்கொண்டு, அந்த எஸ்எஸ்டியைக் கணினிப் பையில் வைக்காமல் வேறு பையில் வைப்பது பயணிகளின் வழக்கம்.