குறட்டையின் வரலாறு: விழித்திருந்தவர்கள் சொன்னது

திருகோணமலையில் இராவணனைத் தெரியாத பிள்ளை இல்லை. வெளியூர்ச் சொந்தக்காரர் வந்தால் கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டாமல் அனுப்ப மாட்டம். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் அவன் தாய்க்குக் கருமம் செய்த கதை வரும். ஆனால் எங்கட வீடுகளில் கூட அடிபடுவது அவன்ர தம்பியின்ர பேர்தான். பஸ்ஸில் ஏறின உடனே தலை சாய்க்கிறவன், இரவு முழுக்கக் குறட்டை விடுறவன் எல்லாருமே கும்பகர்ணன். நல்ல நித்திரைக்காரன் எண்டு ஒரு சிரிப்பு. அதோட கதை முடிஞ்சு போகும்.

எங்கட தோழர் ஒருவரின் மாமா துறைமுகப் பக்கமிருந்து கொழும்புக்கு இரவில் லொறி ஓடுறவர். போன வருசம் கந்தளாய் தாண்டினாப் பிறகு ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்து, லொறி தெருவை விட்டு இறங்கிவிட்டது. நல்ல காலம், ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பிறகுதான் மாமி சொன்னா: "பத்து வருசமாச் சொல்லுறன், இவர் நித்திரையில மூச்ச நிப்பாட்டுறார் எண்டு. ஆர் கேட்டது?" அந்தக் கேள்வியில் இருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினம். இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் பார்த்தால், மருத்துவமும் மாமியைப் போன்றவர்களைக் கேட்காமல் நிறையக் காலம் இருந்திருக்கிறது.

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836 - 37 இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ எண்டொரு கொழுத்த பையன் வருவான். நிண்ட இடத்தில் நித்திரை, வேலைக்கு நடுவில் குறட்டை. வாசகர்கள் சிரிச்சார்கள். நூற்றிருபது வருசம் கழித்து, 1956 இல், பர்வெல் எண்ட அமெரிக்க மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மிகப் பருத்த ஒரு வியாபாரி. போக்கர் விளையாட்டில் மூண்டு ஆஸும் இரண்டு ராஜாவும் கையில் வந்தும், நித்திரையாகிப்போய் ஆட்டத்தைக் கோட்டை விட்டவர். அந்த நோய்க்கு டிக்கன்ஸின் நாவலை வைத்தே 'பிக்விக்கியன்' எண்டு பெயர் வைத்தார்கள். இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதால்தான் பகல் தூக்கம் எண்டும் விளக்கம் சொன்னார்கள்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. அவர்கள் நோயாளியைச் சோதித்தது அவர் விழித்திருக்கும்போது. கோளாறு நடந்தது இரவில். டொக்டர் பகலில் பார்க்கிறார். இரவில் பார்க்கிறது பக்கத்தில் படுக்கிற ஆள்.

1965 இல் பிரான்சின் மார்செய் நகரில் கஸ்தோவின் குழுவும், ஜேர்மனியில் யுங், கூலோ ஆகிய இருவரும் தனித்தனியாக நோயாளிகளை நித்திரையில் வைத்து மூச்சை அளந்தார்கள். அப்பதான் விசயம் வெளிச்சமானது. மூச்சு திரும்பத் திரும்ப நிண்டு நிண்டு வந்தது. 1970களில் ஸ்டான்போர்டில் கிறிஸ்டியான் கீமினோவின் குழு இந்த நோய்க்கு 'ஸ்லீப் அப்னியா' எண்ட பெயரை நிலைநாட்டியது. உடல் பருக்காதவர்களுக்கும் இது வரும் எண்டும் காட்டியது. தாடை சின்னதாக, உள்வாங்கி இருந்தாலும் பாதை ஒடுங்கும். 'எனக்கென்ன தொந்தியா கிடக்கு?' எண்டு தப்ப முடியாது.

நடப்பது இதுதான். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும். நாக்குக்குப் பின்னால் உள்ள பாதை ஒடுங்கும்போது வாற சத்தம் குறட்டை. முழுக்க அடைபட்டால் சத்தமே நிண்டுவிடும்; நெஞ்சு மட்டும் இழுத்து இழுத்துப் பார்க்கும். பத்து செக்கன் தொடக்கம் ஒரு நிமிசம் வரைக்கும்கூடப் போகலாம். ஒட்சிசன் இறங்க, மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும். ஒரு செருமல், திரும்பவும் குறட்டை. எழும்பினது அவருக்கே ஞாபகம் இருக்காது. மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்த்து மணிக்கு 5 தரத்துக்கு மேல் நடந்தால் நோய். 30ஐத் தாண்டினால் கடுமை. இரவு முழுக்க நூறு தரம் எழும்பினவர் பகலில் தூங்கி விழுவதில் என்ன அதிசயம்? அவர் நித்திரை கூடினவர் இல்லை, நித்திரை கிடைக்காதவர். உயர் இரத்த அழுத்தம், பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு, வீதி விபத்து எல்லாம் இதோடு தொடர்புள்ளவை.

வைத்தியம்? தொடக்கத்தில் இருந்தது கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயில் குழாய் வைப்பது மட்டும்தான். 1980 இல் சிட்னியில் ஒரு நோயாளி அதற்கு மறுத்துவிட்டார். கொலின் சலிவன் எண்ட மருத்துவர் தூசு உறிஞ்சும் மெசினின் மோட்டாரை எடுத்து, மூக்கில் பொருத்திய முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு ஊதினார். அந்தக் காற்றே தொண்டையை விரித்துப் பிடித்தது. அந்த மனிசன் அன்று ஆழ்ந்து நித்திரை கொண்டார். 1981 இல் ஐந்து நோயாளிகளின் கதை 'லான்செட்' இதழில் வந்தது. இன்றைக்கு சீபாப் எண்டு சொல்லுறது அதன் வாரிசுதான்.

ஆனால் சீபாப்புக்குக் காசும் வேணும், கரண்டும் வேணும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டம். மெசினோடு படுத்தவர்களின் அந்த இரவுகள் எப்படிப் போயிருக்கும்? மெசின் இல்லாமலும் சில வழி கிடக்கு: எடையைக் குறைப்பது, சரிந்து படுப்பது, படுக்கமுன் சாராயத்தைத் தவிர்ப்பது, கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கிற வாய்க்கருவி. சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலும் வீங்கிய தொண்டைச் சதையை எடுப்பதே தீர்வு. கடுமையான நோய்க்கு இவை மட்டும் போதாமல் போகலாம், அதனால் சோதனை கட்டாயம்.

மாமா இப்ப கிளினிக் போறார். போன முதல் நாள் டொக்டர் கேட்ட கேள்விகளில் பாதிக்குப் பதில் சொன்னது மாமிதான். இரவில் என்ன நடக்குது எண்டு மாமாவுக்கு எங்க தெரியும்? உங்கட வீட்டிலும் ஆரும் 'மூச்சு நிண்டு நிண்டு வருது' எண்டு சொன்னால் சிரிக்காதேங்கோ. போனில் ஒரு இரவுச் சத்தத்தைப் பதிஞ்சு டொக்டரிட்டக் கொண்டு போங்கோ. நித்திரை கொள்ளுறவருக்குச் சாட்சி விழித்திருக்கிறவர் மட்டும்தான்.