பதினேழு வருஷம் கழிச்சு ஓர் ஆல்பம்

கேஜிஎஃப் என்று சொன்னால் 2018-க்குப் பிறகு எல்லோரும் யஷ் படத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் தங்கத்தோடு இங்கிலீஷ் பாட்டும் கிடைத்தது என்றால் சிரிக்கிறார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், கூடவே ஆங்கிலோ இந்தியர்கள். வடாற்காட்டிலிருந்து போன எங்கள் தாத்தாக்கள் பூமிக்குக் கீழே. மேலே கிளப், கிறிஸ்துமஸ் டான்ஸ். (அதைப் பற்றித் தனிப்பதிவே போடலாம்.) ஆனால் பாட்டுக்கு வேலி கட்ட முடியுமா? எங்கள் லைன் வீட்டில் இளையராஜாவும் டீப் பர்ப்பிளும் ஒரே டேப் ரெக்கார்டரில்தான் ஓடினார்கள்.

அந்த டேப் ரெக்கார்டருக்கு ஒருநாள் வந்து சேர்ந்தது 'ராக் மெஷின்' கேசட். 1984-ல் பம்பாயில் ஆரம்பித்த குழு. அந்தக் காலத்தில் நம்மூர் ராக் குழுக்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாட்டுகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தன. இவர்கள் சொந்தமாக எழுதிய பாட்டுகளோடு 1988-ல் முதல் ஆல்பம், 1990-ல் இரண்டாவது என்று போட்டார்கள். 1993-ல் பெயர் 'இண்டஸ் க்ரீட்' ஆனது. 1995-ல் அந்தப் பெயரிலேயே ஆல்பம். அதே வருஷம் 'ட்ராப்ட்' வீடியோவுக்கு எம்டிவியின் ஆசிய நேயர் விருது. அப்புறம் டிவி முழுக்க இந்தி பாப் வந்து உட்கார்ந்துகொண்டது. 1997-ல் குழு கலைந்தது.

நாலு வருஷத்தில் எங்கள் ஊரும் கலைந்தது. 2001 பிப்ரவரி 28, சுரங்கம் மூடிய நாள். விடியற்காலை ரயிலேறி பெங்களூர் வேலைக்குப் போனவர்கள் பாதி, என்னை மாதிரிக் கடல் தாண்டியவர்கள் மீதி.

பாடகர் உதய் பெனகலும் கிடார் ஜயேஷ் காந்தியும் நியூயார்க் போய் 'ஆம்ஸ் ஃபார் சாந்தி' என்று வேறு குழு நடத்தினார்கள். உதய் பிறகு மும்பைக்கே திரும்பினார். 2010-ல் இண்டஸ் க்ரீட் மறுபடி கூடியது.

கூடுவது பெரிய விஷயமில்லைங்க. ஈகிள்ஸ் 1994-ல் கூடியபோது வந்த ஆல்பத்தில் புதுப் பாட்டு நாலுதான், மீதியெல்லாம் மேடையில் வாசித்த பழசு. முழுப் புது ஆல்பத்துக்கு 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய பாட்டுக்குத்தான் டிக்கெட் விற்கும், யாரைக் குறை சொல்ல?

இவர்களும் அப்படியே காலம் தள்ளியிருக்கலாம். பழைய ஆட்களில் உதய், கிடார் மகேஷ் தினைக்கர், கீபோர்டு ஜூபின் பாலபோரியா மூன்று பேர். பேஸுக்கு ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜெய் ராவ் கவி என்று இரண்டு புதியவர்கள். 2012-ல் 'இவால்வ்' வந்தது. பேர்ல் ஜாமின் 'டென்' ஆல்பத்தை மிக்ஸ் செய்த டிம் பாமர்தான் இதற்கும் மிக்ஸிங். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. கனமாக, நீளமாக, என் கேசட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. நாலாவது தடவைதான் புரிந்தது, இவர்கள் என் பதினேழு வயசுக்காக வாசிக்கவில்லை. இன்றைக்கு அவர்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை வாசிக்கிறார்கள்.

நாங்களும் டிசம்பரில் ஊரில் கூடுகிறோம். சயனைடு மேட்டுக்கு முன்னால் போட்டோ, பிரியாணி, ராத்திரி கிடார். நாலாம் நாள் எல்லோரும் ஏர்போர்ட்டில். "ரிடையர் ஆனதும் இங்கேயே வந்துடலாம்" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்வோம். "வந்து என்ன செய்வீங்க?" என்று என் மனைவி கேட்பாள். அதற்குப் பதில் வைத்திருப்பவர் ஒருத்தரும் இல்லை.

ஊர் வாட்ஸப் குழுவில் அந்த ஆல்பத்தின் சுட்டியைப் போட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது: "பழைய கேசட்டு இருந்தா போடு மச்சான்."